மூணாவது செட் பூரி

பூரி ரெண்டும் உப்பிக்கொண்டு வந்து இலையில் உட்கார்ந்தன. பலராமன் உடனே கை வைக்கவில்லை. எதற்கு அவசரம். இருபத்திரண்டு வருஷம் இருந்தாயிற்று, இன்னும் ரெண்டு நிமிஷத்தில் குடி முழுகிவிடப் போவதில்லை. போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற இந்த ஓட்டலில் மொத்தம் எட்டு மேஜை, அதில் ஜன்னலோர மேஜையாகப் பார்த்துத்தான் பிடித்திருந்தான். இங்கே உட்கார்ந்தால் எதிர்த் தெருவில் ஐந்தாவது வீட்டு வாசலில் போட்ட பந்தல் தெரியும். பந்தலில் இருக்கிறவர்களுக்கும் இவன் தெரிவான். தெரியட்டும், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறான். உள்ளே குளிர்பெட்டியில் சபாபதி படுத்திருக்கிறான், அக்கா வேதவல்லியின் புருஷன், ஊர் மதிக்கிற பத்திர எழுத்தர், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத ஆள். நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. மேளம் ரெண்டு தட்டுத் தட்டி நிற்கிறது, மறுபடி தட்டுகிறது, அடிக்கிறவனுக்கே சலித்துப்போன மாதிரி. பக்கத்து நாற்காலியில் பலராமன் கொண்டுவந்த துணிக்கடைப் பை. பைக்குள் புடவை. அவர்கள் பக்கத்து வழக்கம் அது: புருஷன் செத்தால் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும், கூடப் பிறந்தவன் தன் கையால் அதை அவள் தோளில் போட வேண்டும், அதற்கப்புறம்தான் பிணத்தை எடுப்பார்கள். கூடப் பிறந்தவன் என்று வேதவல்லிக்கு இருப்பது ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் இங்கே பூரி தின்னப் போகிறான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். கிடடா, நல்லாக் கிட என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பலராமன் மேல் பூரியின் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினான். புஸ்ஸென்று ஆவி வந்து விரல் நுனியைச் சுட்டது.

சுட்டதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஓரத்தைக் கிள்ளி, மடித்து, கிழங்கை அள்ளி வாயில் போட்டான், போட்ட நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான், அவன் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. மேலே லேசான மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று கோதுமை, கடலைமாவு கரைத்து விட்டுக் கொதித்த கிழங்கு, அதில் பாதி மசிந்தும் மசியாமலும் கட்டிகள், நீளமாக வெட்டி வதங்கின வெங்காயம், பல்லில் அகப்பட்ட கடலைப்பருப்பு ஒன்று, பச்சை மிளகாய் எங்கேயோ ஒளிந்திருந்து அப்புறமாக எட்டிப் பார்த்தது. அடப்பாவி, இவ்வளவு நன்றாகவா இருக்கும் இது. அவனுக்குக் கோபம் வந்தது. வஞ்சம் தீர்க்கத் தின்ன வந்தவனுக்கு நாக்கு இப்படிக் கூத்தாடலாமா. கசக்க வேண்டும், அல்லது நெருப்பு மாதிரி இறங்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்து வைத்திருந்தான். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பூரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவன் வாய் அறியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவன் பொண்டாட்டி செண்பகம் ஒருநாள் ஆசையாகச் சுட்டு வைத்தாள், தட்டைப் பார்த்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான், அவளும் அதற்கப்புறம் சுடவில்லை. பிள்ளைகள் பூரி கேட்டால் பாட்டி வீட்டுக்குப் போகும்போது தின்னுங்கள் என்பாள். ஓட்டலுக்குப் போனால் பக்கத்து மேஜைக்குப் பூரி வந்தாலே இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு ஆளைப் பழிவாங்க எது எதையோ விடுகிறார்கள். இவன் பூரியை விட்டான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவரவர் வயிற்றெரிச்சல் அவரவருக்கு. நீ செத்த அன்றைக்கு, உன் வீட்டுத் தெரு முனையில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்பேன் என்று கறுவிக்கொண்டவன் அவன், உன் வீட்டில் பதினாறு நாளைக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, உன் பங்காளிகள் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பான்கள், நான் எண்ணெயில் பொரித்து எடுத்ததைக் கேட்டுக் கேட்டுத் தின்பேன். வாசலில் மாஸ்டர் ஜல்லிக்கரண்டியால் பூரி மேல் எண்ணெயை வாரி வாரி விட, அது பந்து மாதிரி எழும்பியது. பலராமன் அதைப் பார்த்துக்கொண்டே ரெண்டாவது பூரியைக் கிழித்தான்.

கிழித்த கையைப் பார்த்தான். அங்கேதான் எப்பவும் போய் முட்டுகிறது புத்தி. விரல் இடுக்கில், நகக்கண்ணில், ரேகை ரேகையாக அந்தப் பழுப்புக் கறை. பலராமன் ஆரணியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைக்கிற வேலை, அந்த வார்னிஷ் மண்ணெண்ணெய்க்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. சபாபதி புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய சமயம். முதல் நாள் காலையில் கிணற்று மோட்டார் எரிந்துபோய், பந்தலுக்குத் தண்ணி இல்லை என்று சபாபதியே போன் பண்ணினான், மாப்ளே, நீதாம்பா காப்பாத்தணும் என்றான், மாப்ளே என்றுதான் சொன்னான், அதை மறக்கவில்லை. பலராமன் போட்டது போட்டபடி வந்து, மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி, பொழுது முழுக்க உட்கார்ந்து காயில் கட்டி, வார்னிஷ் காய பல்பு போட்டு, இறக்கி, தண்ணி பீறிட்டு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தலை சாய்த்தான். மறுநாள் காலைப் பந்தி. பூரி கிழங்கு, கேசரி, வடை. குளித்து, வேட்டி மாற்றி, பந்தியில் நாலாவது இலையில் உட்கார்ந்தான். முந்தின நாள் மத்தியானம் தின்றது, அதற்கப்புறம் டீதான். இலையில் பூரி விழுந்தது. அக்காதான் கிழங்கு வாளியோடு வந்துகொண்டிருந்தாள், அவளே அவன் இலையில் ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியாக வைத்தாள். அவன் இதே மாதிரி விரலால் அழுத்தினான், இதே மாதிரி ஆவி வந்தது, ஒரு துண்டு கிழித்துக் கிழங்கில் தோய்த்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். தோளில் ஒரு கை விழுந்தது.

எழுந்திரு, அப்புறம் சாப்பிடலாம். அவ்வளவுதான் சபாபதி சொன்னது. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து இலைக்காரர் யாரோ பெரிய மனுஷர், சபாபதியிடம் பத்திரம் எழுதிக்கொள்கிறவர், பலராமனின் விரலைப் பார்த்துவிட்டுத் தன் இலையை ஒரு இழு இழுத்துத் தள்ளி வைத்தார். அதைச் சபாபதி பார்த்தான். உடனே வந்து தோளில் கை வைத்தான். அவன் எழுந்திருக்கவில்லை என்றதும் அந்தக் கை கொஞ்சம் அழுத்தியது, பிறகு காதோடு, கையைப் பாருடா, எல்லாரும் பாக்கறாங்க என்றது. யாருக்காக வந்த கறையடா அது. உன் மோட்டாரைக் கட்டினதால் வந்த கறை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, முப்பத்திரண்டு வயசு ஆம்பிளை பந்தியிலிருந்து எழுந்தான். கையில் இருந்த துண்டு தரையில் விழுந்தது. யாரோ அவன் இலையை மடித்து எடுத்தார்கள், வேறு இலை போட்டார்கள், வேறு ஆள் உட்கார்ந்தான், எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கையைக் கூடக் கழுவாமல் வெளியே நடந்தான். பஸ் ஸ்டாண்டு வந்து ஆரணி பஸ் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபோதுதான் விரலில் கிழங்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். இன்றைக்கும் அந்தப் பிசுபிசுப்பு ஆள்காட்டி விரலில் இருக்கிற மாதிரியே தோன்றும், வேலையின் நடுவில் அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொள்வான். சாமி கும்பிடும்போதும் துடைத்துக்கொள்வான்.

இன்னொரு செட் என்றான் பலராமன். சர்வர், ஐம்பது வயசிருக்கும், தோளில் துண்டு போட்ட ஆள், குருமா ஊத்தட்டுமா சார் என்று கேட்டார். கிழங்குதான், நிறைய வை என்றான். கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு திருமால் நின்றுகொண்டிருந்தான், சபாபதியின் தம்பி மகன், மீசையும் தொப்பையுமாக ரெண்டு பிள்ளை பெற்றவன். பலராமன் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவன் பார்த்துவிட்டான். ஓட்டலுக்குள் நுழைந்ததையும் பார்த்தான், தெருவுக்குள் ஒரு ஓட்டம் ஓடித் திரும்பி வந்தான், அப்போதிலிருந்து அங்கேயேதான் நிற்கிறான். உள்ளே வரவில்லை. வாடா, வா என்று பலராமன் காத்துக்கொண்டிருந்தான். வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும், மாமா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, நேரமாவுது என்று இழுக்க வேண்டும். அதற்கு என்ன பதில் என்று பலராமன் வருஷக்கணக்காக வைத்திருக்கிறான். கறையான இந்தக் கையை நிமிர்த்திக் காட்டி, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், அப்புறம் வரேன் என்று சொல்வான். அப்புறம். அந்த ஒரு சொல்லை அவன் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு பண்ணியிருந்தான், சத்தம் போடாமல், சபாபதி சொன்ன மாதிரியே. ஆனால் கேட்டுக்கொண்டு ஒரு பயல் வந்தால்தானே சொல்ல முடியும். கொஞ்ச நேரம் முன்னால் வெள்ளைத் துண்டு போட்ட ரெண்டு பங்காளிகள் வேகமாக வந்தார்கள், ஓட்டலைக் காட்டி என்னவோ கத்தினார்கள், ஒருத்தர் உள்ளே வரக் காலை எடுத்தே வைத்தார், திருமால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான், ரெண்டு பேரும் இவனை முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஓகோ, யார் போய்க் கெஞ்சுவது என்று உங்களுக்குள்ளேயே பிரச்சினையா. பிசையுங்கள், நல்லாக் கையைப் பிசையுங்கள். ஒரு மனுஷனை எழுப்புவதற்கு அன்றைக்கு ஒரு கை போதுமாயிருந்தது, இன்றைக்கு என்ன, அத்தனை பேருக்கும் பயமா.

ரெண்டாவது செட்டில் மூன்று வாய் தின்றதும் வயிறு போதும் என்று சொல்லிற்று. வயிற்றை யார் கேட்டார்கள். தண்ணி குடித்தான். தண்ணி குடிக்கும்போது பை கண்ணில் பட்டது, படக் கூடாது என்றுதான் நாற்காலியில் தள்ளி வைத்திருந்தான், இருந்தும் பட்டது. இந்தப் புடவையை அவன் இன்று காலையிலோ நேற்றோ வாங்கவில்லை. ஆறு மாசத்துக்கு முன்னால், சபாபதிக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தகவல் வந்த அன்றைக்கே, பட்டறையைப் பூட்டிக்கொண்டு நேராகத் துணிக்கடைக்குப் போய் வாங்கிவிட்டான். உயிரோடு இருக்கிறவனுக்குக் கோடி வாங்கி வைக்கிற ஆள் உண்டா எங்கேயாவது. இவன் வாங்கினான், பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தான், சபாபதி பிழைத்து வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருக்கட்டும், எங்கே போய்விடுவாய் என்று. போன மாசம் செண்பகம் துணி அடுக்கும்போது பார்த்துவிட்டாள். எனக்கா என்று முகம் மலரக் கேட்டாள். அவன் அதைப் பிடுங்கி மறுபடி சட்டைகளுக்கு அடியில் தள்ளினான். அவளுக்கு விளங்கிவிட்டது, புடவையைத் தொட்ட கையை உதறிக்கொண்டு, இது உங்க அக்காவுக்குய்யா, அந்தாளுக்கு இல்ல, நீ யாரைச் சாகச் சொல்றே, யாரோட தாலியைக் கேக்கறே என்றாள். அன்றைக்கு அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஓங்கினது ஓங்கினதுதான். இப்போது பூரித் துண்டை இலையிலேயே வைத்தான். வாங்கி வைத்ததால்தான் சாவு வந்துவிட்டதோ. பீரோவில் ஆறு மாசம் அது படுத்துக்கிடந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததோ. சீ, அறுபத்தாறு வயசுக்காரன், சர்க்கரை, கொழுப்பு, அவன் நேரம் போனான், புடவை என்ன செய்யும், அரைக் கிலோ நூல். ஆனாலும் நிறத்தைப் பார்த்து வாங்கினாயே, பலராமா. கடைக்காரன் எதை எதையோ எடுத்துப் போட்டான், எதுவும் வேண்டாம் என்று வாடாமல்லி நிறம்தான் வேண்டும், சின்னக் கரை போட்டது என்று கேட்டு வாங்கினாயே. வாடாமல்லி என்றால் அவளுக்கு உயிர் என்று உனக்குத் தெரியாமலா. தெரிந்துதான் வாங்கினான். எதற்கு என்று யோசனை அந்த இடத்துக்கு வந்தால் காயில் கம்பி அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

முதலில் என்ன. வாளி. கிழங்கு வாளி. தோளில் கை விழுந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தது சபாபதியை இல்லை. எதிரில் ரெண்டு இலை தள்ளி வாளியும் கரண்டியுமாக நின்ற அக்காவைத்தான். அவள் பார்த்தாள். கேட்டாள். எல்லாம் அவள் கண்ணெதிரில்தான். அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயசு, அவளுக்குப் பதிமூன்று, சோறு பிசைந்து ஊட்டினவள், தூங்குகிறவனை எழுப்பிச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தவள், அவன் பசி தாங்கமாட்டான் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஒரு வார்த்தை. ஏங்க, அவன் சாப்பிடட்டும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சபாபதி கேட்டிருக்கவே வேண்டாம், எழுப்பியே இருக்கட்டும், ஆனாலும் அவள் சொன்னாள் என்று இருந்திருக்கும். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவன் எழுந்து நின்றபோது அவள் யாருக்கோ கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்புவான், அவள் சொம்பில் தண்ணியோடு நிற்பாள், வாங்கமாட்டான், இந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அவளும் வற்புறுத்தமாட்டாள், சொம்பைப் பிடித்துக்கொண்டு தெரு திரும்புகிற வரைக்கும் நிற்பாள். அப்படி நிற்பதும் அவனுக்கு ஆத்திரம்தான். நிற்கத் தெரிகிறது, பேசத் தெரியவில்லை. அப்படியானால் இந்தப் பூரி யார் மேலடா, கிடக்கிறவன் மேலா, தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவள் மேலா. இந்த நேரத்தில் பிணத்தோடு காத்துக்கிடக்கிறவள் அவள். வருகிறவர் போகிறவரெல்லாம் எங்கே உன் தம்பி, இன்னுமா கோடி வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவள் என்ன சொல்வாள். செத்தவனுக்கு ராகுகாலம் என்ன, எமகண்டம் என்ன, அவன் குளிர்பெட்டியில் சுகமாகக் கிடக்கிறான். வேகிறவள் அவள்தான். வேகட்டும் என்று ஒரு மனசு சொல்லிற்று. ஐயோ என்று ஒரு மனசு. ரெண்டையும் கேட்காமல் மூணாவது செட் என்று கையைக் காட்டினான், சர்வர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பத்தேகால்.

மூணாவது செட்டும் அதே மாதிரி உப்பிக்கொண்டுதான் வந்தது. அழுத்தினான், ஆவி வந்தது, ஒரு துண்டு கிழித்துக் கிழங்கில் தோய்த்தான், கை மேலே வரவில்லை. வெளியே திருமால் அசையாமல் நிற்கிறான், ஓட்டலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருப் பக்கமே பார்க்கிறான். பத்து இருபது ஆச்சு. ஒரு பயலும் வரப்போவதில்லையா. கூப்பிடாமலேயே விட்டுவிடுவார்களா, வேறு யாரையாவது வைத்துக் கோடி போட்டுக்கொள்வார்களோ, ஒன்றுவிட்ட தம்பி எவனாவது வந்து நிற்கிறானோ, அப்படியானால் இவன் இங்கே உட்கார்ந்து தின்றதற்கு என்ன மரியாதை. கையில் துண்டோடு ஜன்னல் வழியாகத் திருமாலைக் கூப்பிட்டான். அவன் திடுக்கிட்டுத் திரும்பி, ஓடிவந்து ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றான். பலராமன் தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல, முதலில் இவன் வாயிலிருந்து கூப்பிடுகிற பேச்சு வர வேண்டும்.

“கூப்பிடத்தானே வந்தே? சொல்லு.”

“இல்ல மாமா, நீங்க சாப்பிடுங்க. நான் கூப்பிட வரல.”

“பின்னே எதுக்குடா ஒரு மணி நேரமா இங்க நிக்கறே?”

திருமால் தலையைச் சொறிந்தான். “பெரியம்மாதான் நிக்கச் சொல்லிச்சு. நீங்க வந்துட்டீங்க, ஓட்டல்ல இருக்கீங்கன்னு போய்ச் சொன்னேன். என்ன சாப்பிடறான்னு கேட்டுச்சு. பூரின்னேன். அப்புறம் எல்லார் எதிர்லயும் சத்தமா சொல்லிச்சு. என் தம்பி சாப்பிட்டுக்கிட்டிருக்கான், முடிக்கற வரைக்கும் யாரும் போய் அவனை எழுப்பக் கூடாது, ராகுகாலம் வந்தா வரட்டும், பன்னெண்டுக்கு மேல எடுத்துக்கலாம்னு. பங்காளிங்க குதிச்சாங்க. நீ போய் வாசல்ல நில்லு, எவனும் உள்ள போய் அவன் மேல கை வெக்காம பாத்துக்கன்னு என்னை அனுப்பிச்சு. அதான் நிக்கறேன்.”

சொல்லிவிட்டு மறுபடி புளியமரத்தடிக்கே போய், தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். காவல் நிற்கிறான். அந்த வெள்ளைத் துண்டுக்காரர்களை அவன் பிடித்து நிறுத்தியது அதற்குத்தான். கையில் பூரித் துண்டு அப்படியே இருந்தது, கிழங்கு விரல் வழியாக இறங்கி முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. பாவி, இதையும் பிடுங்கிக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. இருபத்திரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்ததை ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டாளே. இனிமேல் தின்றால் அவள் சொன்னபடி தின்கிறான், எழுந்தால் மறுபடியும் பாதி இலையில் எழுந்தவன். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொண்டான். இப்போது சொல்ல வருகிறதா உனக்கு வார்த்தை. கேட்க வேண்டியவனுக்குக் காது போனதுக்கு அப்புறமா. அப்புறம். அப்புறம் சாப்பிடலாம் என்றானே, அந்த அப்புறம் இதுதானா, இன்றைக்குத்தான் வந்ததா. அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே வீட்டில், அதே ஆட்கள் எதிரில் சத்தமாகச் சொன்னாளாம். என் தம்பி என்றாளாம். பலராமனுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது, எதிர் மேஜையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது, அவர்கள் பார்க்கக் கூடாதே என்று குனிந்து, கையில் இருந்த துண்டை வாயில் போட்டான். மென்றான். இறங்கமாட்டேன் என்றது. விடாமல் மென்றான். அன்றைக்குத் தரையில் விழுந்த துண்டு இது. ஒரு மடக்குத் தண்ணி விட்டு முழுங்கினான், அது மெதுவாக நெஞ்சில் இறங்கிப் போனது தெரிந்தது. இலையில் ஒரு முழுப் பூரியும் முக்கால் பூரியும் பாக்கி இருந்தன, உப்பினது இன்னும் அமுங்கவில்லை, கிழங்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நல்ல பூரி. பலராமன் தன் இலையைத் தானே மடித்தான்.

குழாயடியில் கையைக் கழுவினான். சோப்பை நன்றாகத் தேய்த்து, ஒவ்வொரு விரலாக, ஆள்காட்டி விரலை ரெண்டு தடவை கழுவினான். வார்னிஷ் கறை இருந்த இடத்தில் இருந்தது. துடைக்கவில்லை, ஈரக் கையை வீசிக்கொண்டே வந்து, நனைந்துவிடக் கூடாதே என்று இடது கையால் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சபாபதிக்காக ஒரு அடி எடுத்து வைக்கமாட்டான், அதில் மாற்றமில்லை, அந்த முகத்தைப் பார்ப்பானா என்பதே சந்தேகம்தான். அவள் தோளில் போட வேண்டும், அது அவன் கை, வேறு எவன் கையும் இல்லை. அப்புறம் இந்த நிறத்தைப் பார்த்துவிட்டு அவள் என்ன கேட்பாளோ, எப்போது வாங்கினாய் என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வதோ, கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான். கடிகாரத்தில் பத்து இருபத்தேழு. காசை மேஜை மேல் வைத்தான். துண்டால் மேஜையைத் துடைக்க வந்த சர்வர் மடித்த இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன சார், பாதியில எழுந்துட்டீங்களே, நல்லா இல்லையா என்று கேட்டார்.

“நல்லா இருந்துச்சுய்யா. ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றான் பலராமன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து அவரிடம் சொன்னான்: “என்னை யாரும் எழுப்பல. நானேதான் எழுந்தேன்.”